சப்பாத்திக்கள்ளி மேல் கழுகு

மெக்சிகோவின் மெஷிகா மக்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே.

கேள்வி: அஸ்டெக், மெஷிகா, மாயா மூன்றும் ஒரே மக்கள்தானா? பெயரை எப்படி உச்சரிப்பது?

மாயா முற்றிலும் வேறு மக்கள், வேறு மொழிகள், வேறு நிலம்: யுகடான், குவாத்தமாலா பக்கம். மெஷிகா என்பவர்கள் மெக்சிகோ பள்ளத்தாக்கில் டெஸ்கோகோ ஏரித் தீவில் 1325-ல் டெனோச்டிட்லான் நகரை எழுப்பியவர்கள். அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் அதுதான். நாட்டின் பெயரும் அதிலிருந்து வந்ததே. 'அஸ்டெக்' என்பது அவர்களுடைய பூர்வீகமாகச் சொல்லப்படும் அஸ்ட்லான் என்ற ஊரை வைத்து வந்த சொல். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க எழுத்தாளர்கள் அதைப் பரப்பினார்கள்.

'அஸ்டெக்' என்று மொத்தமாகச் சொல்லும்போது ஒரு முக்கியமான வேறுபாடு மறைந்துவிடுகிறது. 1428-ல் டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான் என்ற மூன்று நகரங்கள் கூட்டணி அமைத்தன. மெஷிகா மக்களின் அதே நாவாட்ல் மொழியைப் பேசிய ட்லாஷ்காலா மக்களோ இந்தக் கூட்டணிக்குப் பரம எதிரிகள். 1521 ஆகஸ்ட் 13-ல் டெனோச்டிட்லான் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸிடம் விழுந்தபோது, முற்றுகையிட்டவர்களில் பெரும்பாலோர் ட்லாஷ்காலா போன்ற உள்நாட்டுப் படையினரே. ஸ்பானியர் சில நூறு பேர்தான். எல்லோரையும் 'அஸ்டெக்' ஆக்கிவிட்டால் இந்தப் போர் புரியவே புரியாது. அதனால்தான் இந்தப் பகுதியில் மெஷிகா என்றே எழுதுகிறோம்.

உச்சரிப்பில் 'ஷ' தான் சரி. Mexica என்று எழுதும்போது வரும் x எழுத்துக்கு 16-ம் நூற்றாண்டு ஸ்பானியத்தில் 'ஷ' ஒலி இருந்தது. பிற்பாடு ஸ்பானிய ஒலி மாறி 'மெஹிகோ' ஆனது.

கேள்வி: மெக்சிகோ கொடியில் கழுகு பாம்பைக் கவ்வியிருக்கிறதே, அது மெஷிகா மக்களின் பழைய சின்னமா?

கழுகும் கள்ளியும் பழையவை. பாம்பு அப்படியல்ல. 1541-ஐ ஒட்டி வரையப்பட்டு இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் மெண்டோசா ஏட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கல்லின் மேல் சப்பாத்திக்கள்ளி, அதன் மேல் கழுகு. அலகில் ஒன்றும் இல்லை. கல்லுக்கு நாவாட்ல் மொழியில் 'டெட்ல்', கள்ளிப்பழத்துக்கு 'நோச்ட்லி'. இரண்டையும் சேர்த்தால் டெனோச்டிட்லான். அதாவது அந்தப் படமே ஊரின் பெயரை எழுதும் முறை.

1926-ல் தேசிய அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கற்கோயில் சிற்பத்தின் பின்புறத்திலும் இந்தக் கழுகு உண்டு. அங்கே அலகிலிருந்து நீரும் நெருப்பும் பின்னிய ஒரு சுருள் வெளிவருகிறது. 'அட்ல் ட்லாச்சினோல்லி' என்ற போர்க்குறி அது. பாம்பைக் கவ்வும் வடிவம் ஸ்பானியர் காலத்து எழுத்திலும் படத்திலும் வேரூன்றியது. இன்றைய கொடியில் உள்ள வடிவம் 1968-ல் முடிவானது.

கேள்வி: வட்டமான அந்தப் பெரிய கல் நாட்காட்டிதானே? 2012-ல் உலகம் அழியும் என்றது அதை வைத்துத்தானே?

இரண்டுமே தவறு. 2012 பேச்சு மாயா மக்களின் 'நீள்கணக்கு' என்ற நெடுங்கால நாட்கணக்கிலிருந்து கிளம்பியது. செய்திகளில் படத்துக்கு மட்டும் மெஷிகா கல்லைப் போட்டுவிட்டார்கள்.

அந்த சூரியக் கல் 1790 டிசம்பர் 17-ல் மெக்சிகோ நகரின் மையச் சதுக்கத்தில் தரைவேலையின்போது கிடைத்தது. விட்டம் சுமார் 3.6 மீட்டர், எடை சுமார் 24 டன், எரிமலைப் பாறை. 1885 வரை பேராலயக் கோபுரத்தின் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு முகம். அது சூரியக் கடவுளா நிலக் கடவுளா என்று இன்னும் வாதம் ஓடுகிறது. முகத்தைச் சுற்றி நான்கு கட்டங்களில் முன்பு அழிந்த நான்கு உலகங்களின் நாட்கள்: 4 ஜாகுவார், 4 காற்று, 4 மழை, 4 நீர் (எண்ணும் குறியும் சேர்ந்ததே ஒரு நாளின் பெயர்). இந்த நான்கு கட்டங்களும் நடுமுகமும் சேர்ந்த உருவமே 'அசைவு' என்ற நாட்குறி. நாம் வாழும் ஐந்தாம் உலகின் பெயர் 4 அசைவு. அதற்கு வெளியே உள்ள வளையத்தில் 20 நாட்குறிகள் இடஞ்சுழியாக ஓடுகின்றன. இதைக் கொண்டு தேதி பார்க்க வழியே இல்லை: நகரும் பாகமோ எண்ணும் அளவோ கிடையாது. காலத்தைப் பற்றிய கல் என்று சொல்லலாம், நாட்காட்டி என்று சொல்ல முடியாது.

கேள்வி: என் பிறந்த நாளுக்கு மெஷிகா நாட்குறி என்ன என்று நானே கணக்கிட முடியுமா? ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விடை சொல்கிறது.

முடியும். தாளும் பேனாவும் போதும். 'டோனல்போவாலி' என்ற நாட்கணக்கில் இரண்டு சக்கரங்கள் ஒன்றாகச் சுழல்கின்றன: 1 முதல் 13 வரை எண்கள் ஒன்று, 20 குறிகள் இன்னொன்று. 13-ம் 20-ம் சேர்ந்து 260 நாளில் ஒரு சுற்று முடியும். குறிகளின் வரிசை இது: 1 முதலை, 2 காற்று, 3 வீடு, 4 பல்லி, 5 பாம்பு, 6 இறப்பு, 7 மான், 8 முயல், 9 நீர், 10 நாய், 11 குரங்கு, 12 முறுக்குப் புல், 13 நாணல், 14 ஜாகுவார், 15 கழுகு, 16 பிணந்தின்னிக் கழுகு, 17 அசைவு, 18 கற்கத்தி, 19 மழை, 20 பூ.

நங்கூரமாக ஒரு நாள் வேண்டும். டெனோச்டிட்லான் விழுந்த 1521 ஆகஸ்ட் 13, '1 பாம்பு' என்று மெக்சிகோ தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ நிறுவிய பொருத்தத்தையே ஆய்வாளர் பலரும் ஏற்கிறார்கள். அதிலிருந்து நாள் எண்ணி வந்தால் 2000 ஜனவரி 1 '11 காற்று' ஆகிறது. கணக்குக்கு இந்தத் தேதிதான் வசதி.

2010 ஆகஸ்ட் 15-ஐப் போட்டுப் பார்ப்போம். 2000 ஜனவரி 1-லிருந்து 2010 ஜனவரி 1 வரை 10 ஆண்டுகள்: 3,650 நாள், அதோடு 2000, 2004, 2008 ஆகிய நெட்டாண்டுகளுக்கு 3 நாள், ஆக 3,653. ஜனவரி 1-லிருந்து ஆகஸ்ட் 15 வரை 226. மொத்தம் 3,879. இதை 13-ஆல் வகுத்தால் மீதி 5. 11-உடன் 5 கூட்டினால் 16, அதில் 13 கழிய 3. அடுத்து 3,879-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 19. காற்று 2-வது குறி. 2-உடன் 19 கூட்டினால் 21, அதில் 20 கழிய 1, அதாவது முதலை. விடை: 3 முதலை.

2000-க்கு முன் பிறந்தவர்கள் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15-லிருந்து 2000 ஜனவரி 1 வரை சரியாக 1,600 நாள். 13-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 11-லிருந்து 1 போக 10. 20-ஆல் வகுத்தால் மீதி இல்லை, குறி மாறாது. விடை: 10 காற்று. கழிக்கும்போது பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் எண்ணுக்கு 13, குறிக்கு 20 சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழை வழக்கமாக இரண்டு இடத்தில் நேரும். நெட்டாண்டின் பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுவது ஒன்று. தொடக்க நாளையும் ஒரு நாளாக எண்ணிவிடுவது மற்றொன்று. இரண்டுமே விடையை ஒரு நாள் நகர்த்திவிடும், ஒரு நாள் நகர்ந்தால் எண்ணும் குறியும் சேர்ந்தே மாறும். செயலிகள் முரண்படுவதற்குக் காரணம் வேறு: அவை வேறு பொருத்தங்களைப் பின்பற்றுகின்றன. சில நவீனக் கணக்குகள் நான்கு ஆண்டுக்கு ஒரு நாளை நிறுத்திவைக்கின்றன. எந்தப் பொருத்தம் என்று சொல்லாத செயலியை நம்ப வேண்டாம்.

இன்னொன்று: 365 நாள் கொண்ட ஆண்டுக்கணக்கும் கூடவே ஓடியது. 20 நாள் மாதங்கள் 18, கடைசியில் 'நெமொண்டெமி' என்ற 5 நாட்கள். 73 முறை 260 என்றாலும் 52 முறை 365 என்றாலும் 18,980 தான். ஆகவே 52 ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு கணக்கும் ஒன்றாகத் தொடங்கின. அந்த இரவில் எல்லா அடுப்புகளையும் அணைத்து, மலை உச்சியில் புது நெருப்பு கடைந்தார்கள். கடைசியாக அது நடந்தது 1507-ல், இன்று 'செர்ரோ தே லா எஸ்ட்ரெய்யா' எனப்படும் குன்றில்.

கேள்வி: சாக்லேட், டொமேட்டோ எல்லாம் அவர்கள் சொற்கள்தானா?

டொமேட்டோ, அவகாடோ, சில்லி, கொயோட்டே ஆகிய நான்கும் ஐயமில்லாமல் நாவாட்ல்: டோமாட்ல், ஆவாகாட்ல், சில்லி, கோயோட்ல். ஆவாகாட்லை 'மொல்லி' என்ற சாற்றோடு சேர்த்தது குவாக்கமோலே. சாக்லேட்டின் வேர் பற்றி மட்டும் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை.

சொல் இறுதியில் வரும் 'ட்ல்' இரண்டு எழுத்தாக ஒலிப்பதல்ல. நாக்கு நுனியை மேற்பல்லின் பின்னால் ஒட்டி, குரல் கொடுக்காமல் இரண்டு கன்னத்தின் பக்கமும் காற்றை விட்டுப் பாருங்கள். வருகிற சீறல் ஒலிதான் அது. 'டோமாட்டல்' என்று அசை கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இந்த மொழி செத்துப்போன மொழியல்ல. 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் ஏறக்குறைய 16.5 லட்சம் பேர் நாவாட்ல் பேசுகிறார்கள்.

கேள்வி: மக்காச்சோள மாவில் டோர்ட்டிய்யா என்ற ரொட்டி தட்டினால் விரிசல் விட்டு உடைகிறது. என்ன தவறு?

மாவுதான் தவறு. உலர்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மாவில் பிடிப்பு வராது. சோளத்தை முதலில் சுண்ணாம்பு நீரில் வேகவைக்க வேண்டும். அப்படிப் பக்குவப்பட்ட சோளத்தின் பெயர் நிஷ்டமல்லி. 'நெஷ்ட்லி' என்றால் சாம்பல், 'டமல்லி' என்றால் மாவுப் பண்டம். மெக்சிகோவில் இன்றும் இதே முறைதான்.

1 கிலோ உலர்ந்த வெள்ளை மக்காச்சோளத்துக்கு 3 லிட்டர் நீர், உணவுக்கென விற்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம். சுண்ணாம்பை நீரில் கரைத்து, கழுவிய சோளத்தைப் போட்டு, மிதக்கும் சொத்தை மணிகளை அள்ளி எறியுங்கள். கொதி வருவதற்குச் சற்றுக் கீழே 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்றுவர வேண்டும். கடித்தால் நடுவில் ஒரு சிறு வெண்புள்ளி மட்டும் மாவாக இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்து, மூடி, 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு மஞ்சளாகியிருக்கும் நீரை வடித்து, ஓரிரு முறை அலசி அரையுங்கள். மெஷிகா பெண்கள் அரைத்தது 'மெட்லாட்ல்' மீது: மூன்று கால் வைத்து, ஒரு பக்கம் சரிந்த அம்மி.

வெண்புள்ளி மறையும் வரை வெந்துவிட்டால் மாவு பசையாகி விரலில் ஒட்டும். வேக்காடு குறைந்தால் விளிம்பு வெடிக்கும். சுண்ணாம்பு கூடினால் கசப்பும் அடர் மஞ்சளும் வரும். தோலை ஒன்றுவிடாமல் தேய்த்துக் கழுவவும் கூடாது, கரைந்த தோல்தான் மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும். இனிப்புச் சோளத்தில் இது எடுபடாது. சுட்ட சுண்ணாம்பு, அதாவது இன்னும் நீற்றாத கல், வேண்டவே வேண்டாம். நீரில் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

பிடிப்பு மட்டும் லாபமல்ல. சோளத்திலுள்ள நயாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிட்டாதபடி பிணைந்திருக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பா சோளத்தை எடுத்துப்போனது, செய்முறையை விட்டுவிட்டுப் போனது. அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளையும், பின்னால் அமெரிக்கத் தென்மாநில மக்களையும் பெல்லாக்ரா நோய் வாட்டியது. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சோளமே பிரதான உணவு. அந்த நோய் அங்கே அப்படிப் பரவவில்லை.

கேள்வி: மெக்சிகோ நகரின் தென்பகுதியான சோச்சிமில்கோவின் 'மிதக்கும் தோட்டங்கள்' உண்மையில் மிதக்கின்றனவா?

இல்லை. 'சினம்பா' என்ற அந்தத் தோட்டம் ஏரித் தரையில் ஊன்றி நிற்பது. ஆழம் குறைந்த இடத்தில் கழிகளை நட்டு, நாணலைப் பின்னி வேலி கட்டி, உள்ளே நீர்த்தாவரங்களையும் ஏரிச் சேற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்துவார்கள். விளிம்பில் 'அவெஹோட்டே' என்ற ஒல்லியான வில்லோ மரத்தை வரிசையாக நடுவார்கள். அதன் வேர்தான் கரையை இறுகப் பிடிக்கிறது. மரம் நெடுநெடுவென வளர்வதால் பயிர் மேல் நிழல் விழாது.

பாத்தி சில மீட்டர் அகலம்தான் இருக்கும். அதில்தான் சூட்சுமம். இரண்டு பக்கக் கால்வாயிலிருந்தும் நீர் மண்ணுக்குள் கசிந்து நடுவரை எட்ட வேண்டும். அகலம் கூடினால் நடுப்பகுதி காயும்.

நாற்று விடும் முறையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நீண்ட கழியின் நுனியில் பை கட்டிய 'சோக்கிமாய்ட்ல்', அதாவது 'சேற்றுக் கை', கொண்டு படகிலிருந்தபடி கால்வாய் அடிச் சேற்றை அள்ளுகிறார்கள். கரையோரம் அதைச் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, வெட்டும் பதத்துக்கு இறுகும்வரை விட்டு, கத்தியால் சிறு சதுரங்களாகக் கீறுகிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் விரலால் குழி, அதில் ஒரு விதை, மேலே மக்கிய எரு. முளைத்த பிறகு சதுரத்தோடு பெயர்த்து வயலில் வைத்தால் வேர் அறுவதில்லை, நாற்று வாடுவதில்லை. இந்தச் சேற்றுக் கட்டிக்கு 'சாபின்' என்று பெயர்.

சோச்சிமில்கோ 1987-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் நிலைமை கவலைக்கிடம்தான். நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஊற்றுகள் வற்றின. இப்போது கால்வாயில் ஓடுவதில் பெரும்பகுதி சுத்திகரித்த கழிவுநீர், அதில் உப்பு கூடுதல். சில பாத்திகள் கால்பந்துத் திடலாகிவிட்டன. வளர்ப்புக்கென விட்ட கெண்டையும் திலாப்பியாவும் ஆஷோலோட்லின் முட்டைகளைத் தின்கின்றன. வெளியே இறகு போல விரிந்த செவுள்களோடு வாழ்நாள் முழுவதும் நீரில் இருக்கும் சாலமாண்டர் அது. 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று எண்ணப்பட்டது. 2014-ல் 36. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சினம்பா விவசாயிகளோடு சேர்ந்து, மீன் நுழையாதபடி வடிகட்டி அமைத்த கால்வாய்த் துண்டுகளை இவற்றுக்கெனவே ஒதுக்கிவருகிறார்கள். 2021-ல் வெளியான 50 பெசோ தாளில் ஒரு பக்கம் ஆஷோலோட்ல், மறுபக்கம் 1926-ல் தேசிய அரண்மனையிலிருந்து எடுத்த அந்தக் கழுகுச் சிற்பம்.

கேள்வி: நான்கு நாளில் 80,000 பேரைப் பலியிட்டார்கள் என்பது உண்மையா?

1487-ல் டெனோச்டிட்லானின் பெருங்கோயில் விரிவாக்கப் பிரதிஷ்டைக்கு 80,400 பேர் என்று 16-ம் நூற்றாண்டு எழுத்து ஒன்று சொல்கிறது. வகுத்துப் பாருங்கள்: நான்கு நாள் என்றால் 5,760 நிமிடம். இரவு பகல் ஓயாமல் நிமிடத்துக்கு 14 பேர். நடக்கக்கூடியதல்ல. ஆனால் பலியே கட்டுக்கதை என்று சொல்வதும் நேர்மையாகாது. 2015-ல் பெருங்கோயில் அருகே தோண்டியபோது மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்த வட்டச் சுவர் வெளிப்பட்டது. இதுவரை 600-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். ஆண்களுடையது மட்டுமல்ல, பெண்கள், குழந்தைகளுடையதும் அதில் உண்டு.

கேள்வி: இறந்தோர் நாள் ஊர்வலம் மெஷிகா விழாவா?

ஊர்வலம் 2016-ல் தொடங்கியது. முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கற்பனையாகக் காட்டியதைப் பார்த்து மெக்சிகோ நகரம் நிஜமாக்கிக்கொண்டது. அதில் வரும் தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி, 1910-களில் பொசாடா என்ற ஓவியர் செதுக்கிய அச்சுப்படத்திலிருந்து வந்தவள். இந்த விழா வரும் நவம்பர் 1, 2 கத்தோலிக்கத் திருநாட்கள். மெஷிகா ஆண்டில் இறந்தோருக்கான இரண்டு மாதங்கள் கோடையில் வந்தன.

அசல் மரபு வீட்டில் இருக்கிறது: படையலில், கல்லறைக்குப் போகும் பாதையில் இதழ் தூவுவதில். அந்தப் பூ செண்டுமல்லி. மெக்சிகோதான் அதன் தாயகம். நாவாட்லில் 'செம்போவல்ஷோசிட்ல்', அதாவது இருபது பூ. அவர்கள் இருபது இருபதாக எண்ணியவர்கள், 'இருபது' என்றால் நிறைய என்றும் பொருள். இதழடுக்கைப் பார்த்து வைத்த பெயர்.

கேள்வி: மெக்சிகோ நகரில் ஒரே ஒரு நாள் இருந்தால் எதைப் பார்ப்பது?

திங்கட்கிழமை வேண்டாம், அன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மெதுவாக நடங்கள். காலையில் சோகலோ சதுக்கத்தை ஒட்டிய பெருங்கோயில். 1978 பிப்ரவரி 21-ல் மின்வாரியப் பணியாளர்கள் குழி தோண்டும்போது கோயோல்ஷாவ்கி என்ற பெண் தெய்வத்தைச் செதுக்கிய, 3.25 மீட்டர் அகலமான கல் தட்டுப்பட்டது. எடுவார்டோ மாத்தோஸ் மொக்டெசுமா தலைமையில் அகழாய்வு அதிலிருந்து பிறந்தது. ஒரு கோயிலைச் சுற்றி இன்னொன்றாகக் கட்டிய அடுக்குகள் வெங்காயம் போல வெட்டித் தெரிகின்றன.

அங்கிருந்து மெட்ரோ 2-ம் தடத்தில் அடுத்த நிலையம் பினோ சுவாரெஸ். தடம் மாறும் நடைவழியின் நடுவே காற்றுக் கடவுள் எஹெகாட்லின் சிறு வட்டக் கோயில் நிற்கிறது. மெட்ரோ தோண்டும்போது வெளிவந்தது, எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக்குறி இருப்பதைக் கவனியுங்கள். எழுத்தறியாதவரும் ஊரைக் கண்டுகொள்ள 1969-ல் அமைத்த ஏற்பாடு. 1-ம் தடத்தில் குவாவ்டெமோக் நிலையத்துக்குக் கழுகுத் தலை, 'இறங்கும் கழுகு' என்பதே அந்தக் கடைசி அரசனின் பெயர். சப்புல்டெபெக்குக்கு வெட்டுக்கிளி, 'வெட்டுக்கிளிக் குன்று' என்று பொருள். மெண்டோசா ஏட்டில் ஊர்களை எழுதியதும் இப்படித்தான்.

சப்புல்டெபெக்கில் இறங்கிப் பூங்கா வழியே நடந்தால் மானுடவியல் அருங்காட்சியகம். நேரம் குறைவென்றால் மற்ற கூடங்களை விட்டுவிட்டு மெஷிகா கூடத்துக்கே போய்விடுங்கள். சூரியக் கல்லின் முன் நின்று, நடுமுகத்தை விட்டுக் கண்ணை உச்சிக்கு ஏற்றுங்கள். இரண்டு நெருப்புப் பாம்புகளின் வால்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுரக் கட்டம். உள்ளே ஒரு நாணல், கூடவே புள்ளிகள். எண்ணினால் 13 வரும்.